ஐஸ் பெட்டியில் வைத்த பேனா

நேற்று நம் பழைய வகுப்புக் குழுவில் ஒருத்தி எழுதியிருந்ததைப் பார்த்தீர்களா? டாக்டர் அவளுக்கு இன்சுலின் பேனா கொடுத்துவிட்டாராம். அது கைப்பையிலேயே கிடக்கிறதாம். தொடவே பயமாக இருக்கிறதாம். அவ்வளவுதான், பாகற்காய்ச் சாறு என்றார் ஒருவர், வெந்தயம் என்றார் இன்னொருவர், ஊசியைத் தொடங்கினால் நிறுத்தவே முடியாது என்று மூன்றாமவர் பயமுறுத்தினார். மதிய இடைவேளையில் மாங்காய்க்கு அடித்துக்கொண்டவர்கள் நாம். இப்போது காலையில் சீனி எத்தனை, மாலையில் எத்தனை என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். வயதாகிவிட்டது நமக்கு.

அவளுக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனது. அந்தப் பேனாவை நினைத்தால் எனக்குப் பயம் வருவதில்லை, நெஞ்சுக்குள் ஒரு துள்ளல்தான் வருகிறது. நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அது தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தது. அம்மா அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். உங்களில் சிலர் எங்கள் வாசலில் நின்று அதை எட்டிப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் முழுக்கதை உங்களுக்குத் தெரியாது.

அம்மா மலையில் கொழுந்து எடுப்பவள். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை; தேயிலை ஆலையை நாம் அப்படித்தானே சொல்வோம். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் காய்ந்த தேயிலையின் வாசனை அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி; அவளுக்கும் மலையில்தான் வேலை. பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் என்ன சமைப்பது, யார் எப்போது குளிப்பது என்பதெல்லாம் அவள் பொறுப்பு.

எனக்கு அடுத்ததாக, எனக்கு நினைவு தெரியாத வயதில், அம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே இறந்துபோனது. அதைப் பற்றி அம்மா பேசமாட்டாள், பெரியம்மாதான் சொல்வாள். எவ்வளவு பெரிய பிள்ளை, மூன்று மாதக் குழந்தை மாதிரி என்ன கன்னம், என்ன தொடை. சொல்லும்போது பெருமையும் அழுகையும் ஒன்றாக வரும் அவளுக்கு. பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் நல்லது என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். அம்மாவின் இரத்தத்தில் ஏறிய சீனிதான் அதை அப்படி ஊதவைத்தது என்று யாருக்குத் தெரியும்? அந்த முறை அம்மா கடைசி மாதம் வரைக்கும் மலைக்குப் போனாள். கிளினிக் பக்கமே போகவில்லை.

இந்த முறை அப்பா விடவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கோப்பை சீனித் தண்ணீரைக் குடிக்கவைத்து, இரத்தம் எடுத்துப் பார்த்து, சில நாள் வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வருகிற சீனி என்றார்கள்.

அவர்கள் திரும்பி வந்த சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு நாம் எல்லோரும் விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த நேரம். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பேனா குடுத்து விட்டிருக்காங்க" என்றார். எனக்குத்தான் என்று நினைத்து ஓடினேன். பரீட்சைக்கு நல்ல பேனா ஒன்று வேண்டும் என்று அவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன் அல்லவா.

அப்பா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். ஈரத் துணிக்குள் மூன்று பேனாக்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ தானமாக அனுப்பியவையாம். தூரத் தோட்டங்களிலிருந்து வரும் சிலருக்கு அவற்றைக் கொடுத்தார்களாம். சாம்பல் நிற உடம்பு, நுனியில் ஆரஞ்சு நிறப் பொத்தான். பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல், அதற்குள் பால் நிறத்தில் மருந்து. வால் பக்கத்தைத் திருகினால் டிக், டிக் என்று சத்தம் போட்டு எண்கள் ஏறும். எனக்குச் சேராத பேனா என்று தெரிந்தும் எனக்கு ஏமாற்றமே வரவில்லை. அவ்வளவு அழகான பொருள் எங்கள் வீட்டுக்குள் அதற்கு முன் வந்ததில்லை.

அன்று மாலை முதல் ஊசி. லயத்தில் பாதிப் பேர் வாசலில். ஊசி போடும் முறையை வார்டில் இருந்த நர்ஸ், நம் பேச்சில் மிஸ்ஸி, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காட்டிக் கொடுத்திருந்தார். அப்பாதான் போடுவதாக ஏற்பாடு. ஸ்டோரில் கர்ஜித்துச் சுழலும் உருளைக்குப் பக்கத்தில் சாதாரணமாக நின்று வேலை செய்கிறவர். பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

"இங்க குடுங்க," என்றாள் அம்மா. "நீங்க போடுறதுக்குள்ள பிள்ளையே பொறந்துரும்."

கையைக் கழுவித் துடைத்தாள். பேனாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். மேலும் கீழுமாகக் கவிழ்த்தாள். அடியில் தங்கியிருந்த வெள்ளை கலந்து ஒரே பாலாக ஆகும்வரை விடவில்லை. புது ஊசியைப் பிரித்துத் திருகிப் பூட்டினாள். டிக், டிக் என்று இரண்டு வைத்து, ஊசி கூரையைப் பார்க்கப் பிடித்துப் பொத்தானை அழுத்தினாள். நுனியில் ஒரு துளி வந்து நின்று மினுங்கி, கீழே விழுந்தது.

பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அத்தனை தூரம் போய் வாங்கியாந்த மருந்தைத் தரையில விடுறியே."

"துளி வந்தாத்தான்க்கா உள்ள காத்து இல்லைன்னு அர்த்தம். ஊசி அடைபடலன்னு தெரியும். ஒவ்வொரு தடவையும் இப்படிப் பார்த்துட்டுத்தான் போடணும்."

பிறகு மிஸ்ஸி சொன்ன அளவை வைத்து, எண்ணை ஜன்னலில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். வயிற்றின் பக்கவாட்டில் சதையை மெல்லப் பிடித்து நேராகக் குத்திப் பொத்தானை முழுக்க அழுத்தினாள். "எண்ணு," என்றாள் என்னைப் பார்த்து. நான் பத்து வரை எண்ணினேன். வாசலில் நின்ற பிள்ளைகளும் சேர்ந்து எண்ணினார்கள். நீங்களும் எண்ணினீர்கள், ராக்கெட் விடுவது போல. பத்துக்கு முன்னால் ஊசியை எடுத்தால் மருந்து வெளியே வந்துவிடுமாம்.

அம்மா ஊசியை உருவினாள். அவள் முகத்தில் ஒரு வியப்பு. "இவ்வளவுதானா? கவ்வாத்து வெட்டுன செடி கீறினா இதைவிட எரியும்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஊசியைக் கழற்றி, மூடி போட்ட பால்மா டின்னுக்குள் போட்டாள். அந்த டின்னைத் தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்று எனக்கு எச்சரிக்கை வேறு. நாளைக்கு வேறு இடம், மறுநாள் தொடை, ஒரே இடத்தில் குத்தக் கூடாது, ஒரே ஊசியை மறுபடி போடக் கூடாது என்றெல்லாம் மிஸ்ஸி சொன்னதை ஒப்பித்துக்கொண்டே தட்டை எடுத்து வைத்தாள். ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பிட வேண்டும்.

பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஊசியே வேணாம் தங்கச்சி. போன தடவையும் ஒரு ஊசி போட்டாங்க. அப்புறம் என்னாச்சு?" என்றாள்.  அம்மா சோற்றைப் பிசைந்தாள்.

பாவிக்கும் பேனா வீட்டிலேயே இருக்கலாம், நம் மலைக் குளிருக்கு அதற்கு ஒன்றும் ஆகாது. மற்ற இரண்டையும்தான் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். லயத்தில் ஏது பெட்டி? சந்தியில் கடை மாமாவிடம்தான் இருந்தது. அவரை நினைவிருக்கிறதா? மீசையில் எப்போதும் பீடிப் புகை. அவருக்கும் சீனி உண்டு, குளிசை போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவும் நானும் பேனாக்களைக் கொண்டுபோய் நீட்டியபோது ஆசையோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நமக்கும் அதே வியாதிதானே தம்பி. ஊசியை மட்டும் வேற போட்டுக்கிட்டா எனக்கும் ஒரு நாளைக்கு ஒரு சுத்து குத்திப் பார்க்கலாமில்ல?"

அப்பா பதறிப்போய்ப் பின்னுக்கு இழுத்தார். "இல்லைங்க அண்ணே. ஒருத்தர் பேனா ஒருத்தருக்குத்தானாம். ஊசியை மாத்தினாலும் ஒருத்தர் ரத்தம் உள்ள ஏறி நிக்குமாம். அளவும் ஆளுக்கு ஆள் வேற."

"சரி சரி, நான் சும்மா கேட்டேன்," என்றார் கடை மாமா. கோபமே இல்லை. பேனாக்களை வாங்கி உள்ளே போனார். "கவலைப்படாத. என் கடையிலயே நல்ல இடத்துல வச்சிருக்கேன்," என்றார் வெளியே வந்து.

முதல் பேனா முடியும்வரை வீட்டில் ஒரே உற்சாகம். காலையும் மாலையும் நான் எண்ண, அம்மா குத்துவாள். சீனி இறங்கியிருந்தது. கிளினிக்கில் நல்லாப் போகுது என்றார்கள். அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வயிற்றில் பிள்ளை உதைக்கும்போது என் கையை எடுத்து அந்த இடத்தில் வைப்பாள்.

இரண்டாவது பேனாவை அப்பா போய் எடுத்துவந்தார். சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போது பெருமையாக, "கல்லு மாதிரி குளிர்ந்திருந்துச்சு. வர்ற வழியில பையிலயே உருகிருச்சு," என்றார். அம்மா உருட்டினாள். கவிழ்த்தாள். மறுபடி உருட்டினாள்.

"இது முன்ன மாதிரி இல்லீங்க. மாவு கட்டின மாதிரி இருக்கு."

"குளிர்ல இருந்துச்சுல்ல. போகப்போகச் சரியாப் போயிரும்."

சரியாகப் போகவில்லை. சில நாளிலேயே அம்மாவுக்கு அடங்காத தாகம். மலைக்குக் கொண்டுபோகும் தேத்தண்ணிப் போத்தலை, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் வழியிலேயே குடித்து முடித்தாள். உடம்பு சோர்ந்துபோனது. தான் ஏதோ சாப்பிட்டதுதான் காரணம் என்று ரொட்டியைப் பாதியாக்கினாள். பெரியம்மா பாவக்காயை இடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நான்தான் சொன்னேனே, அது வெறும் தண்ணி. நிறுத்திரு."

அப்பா வேறு வழி சொன்னார். "ரெண்டு சுத்து கூட வச்சுப் போட்டுப் பாரேன்."

அம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "நிறுத்தவும் மாட்டேன், கூட்டவும் மாட்டேன். மிஸ்ஸி சொல்லாம ஒரு எண்ணு மாத்த மாட்டேன். என்னை நாளைக்குப் பதுளைக்குக் கூட்டிட்டுப் போங்க."

"கிளினிக் அடுத்த வாரம்தானே?"

"அடுத்த வாரம் வரைக்கும் என் பிள்ளை காத்துக்கிட்டு இருக்குமா?"

அம்மா அப்படிக் குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. பெரியம்மா பாவக்காய்க் கிண்ணத்தோடு அப்படியே திரும்பிப் போனாள்.

விடிந்ததும் கிளம்பினோம். என்னை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டார்கள். சந்தியில் போய் நின்றால் பஸ் இல்லை. மழையில் மண் சரிந்து பாதை மூடியிருந்தது. அப்பா தலையில் கைவைத்தார். அம்மா குறுக்குப் பாதையில் தெமோதரை ஸ்டேஷனை நோக்கி இறங்கத் தொடங்கிவிட்டாள். அந்த வயிற்றோடு. நாங்கள் பின்னால் ஓடினோம்.

அதுதான் என் முதல் ரயில் பயணம். அந்த ஸ்டேஷன் இப்போது உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து படம் பிடிக்கும் இடம். அன்று எனக்கு அதுவே உலகம். பேனா இருந்த சாப்பாட்டுப் பெட்டி என் மடியில். ரயில் புறப்பட்டு மலையைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, நாங்கள் ஏறிய அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருந்த குகைக்குள் நுழைந்தது. இருட்டில் எல்லாப் பிள்ளைகளும் கத்தினார்கள். நானும் கத்தினேன். அம்மாவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. வெளிச்சத்துக்கு வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை, உதடு வறண்டிருந்தது, ஆனாலும் சிரித்தாள்.

கிளினிக்கில் மிஸ்ஸி விரலில் குத்திப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. பேனாவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே உப்புத் தூள் ஒட்டியது போலக் கண்ணாடிச் சுவரில் பொட்டுப் பொட்டாக வெள்ளை.

"இதை எங்க வச்சிருந்தீங்க?"

"கடையில மிஸ்ஸி. பெட்டிக்குள்ளதான்," என்றார் அப்பா. "அந்த அண்ணே ஐஸ்பழத்தை எல்லாம் ஒதுக்கிட்டு, ஐஸ் பாக்கெட்டுக்கு நடுவுல வச்சிருந்தாரு. இருக்கிறதிலயே நல்ல குளிரான இடம்."

மிஸ்ஸி கண்ணை மூடித் திறந்தார். பிறகு அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. திட்டவில்லை, அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. "குளிர்ல வைக்கச் சொன்னேன், உறைய வைக்கச் சொல்லலியே ஐயா. உறைஞ்சா மருந்து செத்துப்போகும். அப்புறம் உருகினாலும் உயிர் வராது. சோடாப் போத்தல் வைக்கிற தட்டுல வைங்க. இதுவும் கடையில இருக்கிறதும் இனி ஆகாது."

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. கடை மாமா வியாபாரத்தையே ஒதுக்கிவிட்டு வைத்த இடம் அது. அன்பில் குறையே இல்லை. அன்புக்கு எத்தனை குளிர் போதும் என்பதுதான் தெரியவில்லை.

"நீங்க செஞ்சதுல ஒன்னு நல்ல காரியம்," என்றார் மிஸ்ஸி அம்மாவிடம். "தாகம்னதும் ஓடி வந்தீங்க பாருங்க. நீங்களா எண்ணைக் கூட்டியிருந்து, நல்ல பேனா கைக்கு வந்ததும் அதே அளவைப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

டாக்டர் அம்மாவைப் படுக்கவைத்து, வயிற்றில் ஒரு சின்னக் கருவியை வைத்தார். முதலில் காற்று வீசுவது போல இரைச்சல். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கருவி இங்கும் அங்கும் நகர்ந்தது. திடீரென்று டப்டப், டப்டப், டப்டப் என்று ஓடத் தொடங்கியது. என்ன வேகம்! பாலத்தின் மேல் போகும் ரயிலைப் போல. என் உடம்பெல்லாம் புல்லரித்தது. "உள்ள இருந்தா கேக்குது?" என்றேன். "உள்ள இருந்துதான். உன்னைவிட வேகமா ஓடுது," என்றார் டாக்டர். அப்பா வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

புதுப் பேனாக்களோடு ஊர் திரும்பினோம். கடை மாமாவிடம் அப்பா விஷயத்தைச் சொன்னபோது அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு சோடாப் போத்தல் தட்டில் வேறு எதையும் வைக்க யாரையும் விடவில்லை. சோடா கேட்பவர்களுக்குச் சூடான சோடாதான்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. லயமே எங்கள் காம்பராவுக்குள், அந்தச் சின்ன அறைக்குள் இருந்தது. பின்பக்கம் பெரிய பாத்திரத்தில் அப்பாவும் ஆட்களும் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா காலை ஊசியைப் போட்டுவிட்டாள். சாப்பாடு தயார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் மனையில் உட்காரவைத்த பிறகு, பெரியவர்கள் எல்லோரும் வளையல் போட்டு முடிக்கட்டும், பிறகு சாப்பிடலாம் என்று ஆகிவிட்டது. அதுவும் பெரியம்மாவின் ஏற்பாடுதான். ஆசையாசையாகச் செய்தாள், ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குங்குமம், சந்தனம், வளையல்.

நான் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். அவள் கையில் வளையல்கள் தானாகக் கலகலத்தன. முதலில் வேடிக்கையாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நெற்றிச் சந்தனம் வியர்வையில் ஓடிக்கொண்டிருந்தது. "அம்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்து, "பெரட்டுக்கு நேரமாச்சு, என் கூடை எங்க?" என்றாள்.

"கண்ணு பட்டிருச்சு," என்று யாரோ சொன்னார்கள். பெரியம்மா மிளகாயும் உப்பும் எடுக்க ஓடினாள். நான் பின்பக்கம் ஓடினேன். "அப்பா, அம்மா நடுங்குது. இன்னும் சாப்பிடல," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கரண்டி தரையில் விழுந்தது. ஆண்கள் யாரும் நுழையாத அந்தக் கூட்டத்துக்குள் அப்பா சமையல் கையோடு புகுந்தார். ஒரு டம்ளர் தண்ணீரில் சீனியை அள்ளிப் போட்டு, விரலாலேயே கலக்கி, அம்மாவின் தலையைத் தோளில் சாய்த்து, வாயில் வைத்தார். "முழுங்கு. மெல்ல மெல்ல முழுங்கு." அம்மாவுக்கு முழுங்க முடிந்தது. அது எங்கள் நல்ல காலம்.

 மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு பெரியம்மா வாசற்படியில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கண் நிலைக்கு வந்தது. சுற்றிலும் பார்த்தாள். தன்னைப் பிடித்திருந்த அப்பாவைப் பார்த்தாள். வெட்கப்பட்டு விலகி, "சோறு எங்க?" என்றாள்.

அத்தனை பெண்களும் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது.

பெரியம்மாதான் இலையைக் கொண்டுவந்து போட்டாள். அவளே பிசைந்து ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே கேட்டாள், "பாத்தியா, அந்த ஊசிதானே இப்பவும் இப்படிப் பண்ணுச்சு? அன்னைக்கும் ஒரு ஊசியைப் போட்டாங்க, பிள்ளையை எடுத்துட்டுப் போயிருச்சு. அந்த ஊசிதான் இன்னும் என் கண்ணுல நிக்குது."

அம்மா மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள். "அது எனக்கு வலிக்குப் போட்ட ஊசிக்கா. நம்ம பிள்ளையைக் கொண்டுபோனது என் ரத்தத்துல இருந்த சீனி. இத்தனை வருஷமா நீங்க ஊசியை ஏசுனீங்க, நான் என்னையே ஏசுனேன். இந்த ஊசிக்குச் சோறு வேணும், அவ்வளவுதான். போட்டுட்டுத் தின்னாம இருந்தா இப்படித்தான்."

 பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கவளத்தை உருட்டினாள்.

மறுநாளிலிருந்து அவள் வேறு ஆள். சோறு தட்டில் விழும்வரை பேனா அவள் இடுப்புச் சேலைக்குள் இருக்கும். தட்டைப் பார்த்த பிறகுதான் எடுத்துக் கொடுப்பாள். மலையில் அம்மாவின் நிரைக்குப் பக்கத்து நிரையை, வேலை வாங்கும் கங்காணியிடம் சண்டை போட்டு வாங்கினாள். மடியில் சீனிப் பொட்டலம். இரண்டு கொழுந்துக்கு ஒருமுறை, "தங்கச்சி, நடுங்குதா?" என்று குரல் கொடுப்பாளாம். "குளிருதுக்கா, அதான் நடுங்குறேன்," என்று அம்மா சொன்னாலும் வாயில் சீனியைத் திணித்துவிடுவாளாம். அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸி தலையில் அடித்துக்கொண்டார்.

என் தங்கை பதுளையில் பிறந்தாள். சுருங்கிப்போய், சிவந்துபோய், இரண்டு கைக்குள் அடங்குகிற சாதாரணக் குழந்தை. குதிகாலில் குத்திச் சீனி பார்த்தார்கள். அதற்கு அவள் போட்ட கூச்சல் வராந்தாவில் நின்ற எங்களுக்கே கேட்டது. பிறந்த கையோடு அம்மாவின் சீனி இறங்கிவிட்டது. பேனாவை நிறுத்திவிட்டார்கள். சில வாரம் கழித்து வந்து மறுபடி சோதித்துக்கொள்ளச் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. சந்தோஷத்தில் அது யாருக்கும் நினைவிலேயே இல்லை. அந்தச் சீனி பல வருடம் கழித்துத் திரும்பி வந்து அம்மாவிடம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இன்று எழுபதை நெருங்குகிறவள், தினமும் தானே துளி பார்த்து, தானே பத்து எண்ணிப் போட்டுக்கொள்கிறாள். அன்றே போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த நாளின் சந்தோஷத்தைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

ஊருக்கு பஸ்ஸில் வந்தோம். பாதையைத் திறந்துவிட்டிருந்தார்கள். அம்மா ஜன்னலோரம், மடியில் தங்கை. எங்கள் தோட்டத்து எல்லைக்குள் பஸ் வளைந்ததும் மேலே மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. யார் முதலில் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. ஒரு குரல் கேட்டது. அது பெரியம்மாவின் குரல். பிறகு மலையே கலைந்தது. ஈரம் படாமல் கட்டும் படங்குச் சாக்கு இடுப்பில், கூடை முதுகில், செடிகளுக்கு நடுவே எல்லோரும் வழுக்கிக்கொண்டு பாதைக்கு இறங்கினார்கள். பின்னால் கங்காணி கையை வீசிக் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டி இன்ஜினையே நிறுத்திவிட்டார். "ஏறுங்கம்மா, ஏறுங்க. சந்தி வரைக்கும் பார்த்துட்டே வாங்க," என்றார். கண்டக்டர் டிக்கெட்டைப் பற்றிப் பேசவேயில்லை. கூடைகளோடு எல்லோரும் ஏறினார்கள். பஸ் முழுக்க மழையும் பச்சைக் கொழுந்தும் மணத்தன. பெரியம்மா அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து விழுந்து, தங்கையைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தாள். "என்னடி இது, இத்தினியூண்டு இருக்கா?" என்றாள். சிரித்தாள். அழுதாள். பிறகு எழுந்து நின்று, பஸ்ஸில் இருந்த ஒவ்வொருவருக்கும் தங்கையைக் காட்டினாள். "சாதாரணப் பிள்ளைதாங்க. எல்லாம் அளவாத்தான் இருக்காம். டாக்டரே சொன்னாராம்."

பஸ் நகர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். கங்காணி இன்னும் கத்திக்கொண்டே ஓடிவந்துகொண்டிருந்தார். கண்டக்டர் கையை நீட்டினார். கங்காணி குடையை மடக்கி அக்குளில் செருகிக்கொண்டு, படியில் தொற்றி ஏறி, மூச்சு வாங்க உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எங்க, எனக்கும் ஒருக்காக் காட்டுங்க," என்றார்.